டாலினில் இரண்டு இரவு: கூட்டத்தில் சிக்காமல் ஊர் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

டாலினுக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கியில் காலைக் கப்பலைப் பிடித்து வந்து, மாலைக் கப்பலில் திரும்பிவிடுகிறார்கள். கோடையில் இன்னொரு கூட்டமும் சேர்ந்துகொள்ளும், பெரிய உல்லாசக் கப்பல்களில் வந்து இறங்கி, எண் எழுதிய பலகையைத் தூக்கிப் பிடித்த வழிகாட்டியின் பின்னால் சில மணி நேரம் நடந்துவிட்டுப் போகிற கூட்டம். இந்த இரண்டு கூட்டமும் பழைய நகரத்துக்குள் இருப்பது ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான், காலை பத்து பத்தரையில் தொடங்கி மாலை ஐந்து வரை. அந்த நேரத்தில் மட்டும் பார்த்தவர்கள் ஊருக்குத் திரும்பி "அழகாத்தான் இருக்கு, ஆனா எல்லாம் டூரிஸ்ட்டுக்குன்னு வெச்ச மாதிரி இருக்கு" என்று சொன்னால் அதில் தப்பில்லை.

அதனால் நான் சொல்லப்போகும் திட்டம் இதுதான். இரண்டு இரவு தங்குங்கள். பழைய நகரத்தை அதிகாலையிலும் சாயங்காலத்திலும் நடங்கள். நடுப்பகலில், கூட்டம் உள்ளே இருக்கும்போது, நீங்கள் மதிலுக்கு வெளியே கடற்கரைப் பக்கமோ காட்ரியோர்க் பூங்காப் பக்கமோ போய்விடுங்கள். மற்றதெல்லாம் இந்த ஒரு ஏற்பாட்டைச் சுற்றித்தான்.

ஊரைப் பற்றி முதலில் கொஞ்சம்

டாலின் எஸ்டோனியாவின் தலைநகரம். ஃபின்லாந்து வளைகுடாவின் தென்கரையில் இருக்கிறது, மக்கள்தொகை சுமார் நாலரை லட்சம். 1219-இல் டென்மார்க் மன்னர் இரண்டாம் வால்டமார் இந்த இடத்தைப் பிடித்தார். டென்மார்க்கின் கொடி அந்தப் போரின்போது வானத்திலிருந்து விழுந்தது என்று அவர்களுக்கு ஒரு கதை உண்டு. 1248-இல் ஜெர்மனியின் லூபெக் நகரத்துச் சட்டம் இங்கேயும் நடைமுறைக்கு வந்தது, அந்த நூற்றாண்டிலேயே ஹான்சா என்ற ஜெர்மானிய வணிக நகரங்களின் கூட்டமைப்பிலும் ஊர் சேர்ந்துவிட்டது. அப்போது இதன் பெயர் ரெவால். மேற்கிலிருந்து உப்பும் துணியும் வரும், கிழக்கே ரஷ்யாவின் நோவ்கோரோடிலிருந்து மென்மயிர்த் தோலும் மெழுகும் வரும், நடுவில் உட்கார்ந்து இந்த ஊர் வணிகர்கள் காசு பார்த்தார்கள். டாலின் உப்பின் மேல் கட்டிய ஊர் என்று இன்றும் சொல்வார்கள்.

நடந்து பார்க்கும்போது மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய முக்கியமான விஷயம், இது ஓர் ஊர் இல்லை, இரண்டு ஊர். மேலே டோம்பியா என்ற சுண்ணாம்புக்கல் குன்று, அங்கே ஆட்சியாளர், ஆயர், நிலப்பிரபுக்கள். கீழே வணிகர்களும் கைவினைஞர்களும், அவர்களுக்கென்று தனி மன்றம், தனிச் சட்டம். இரண்டுக்கும் ஆகாது. நடுவே மதில் கட்டி, ராத்திரியானால் கதவைப் பூட்டிக்கொண்டார்கள். நிர்வாகத்தில் இரண்டும் ஒன்றானது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். இது தெரிந்துவிட்டால் ஊரின் அமைப்பு தானாகவே புரிந்துவிடும், வரைபடம் கூட அவ்வளவாகத் தேவைப்படாது.

அப்புறம் ஆண்டவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். 1346-இல் டேனியர்கள் தங்கள் பங்கை டியூட்டானிக் என்ற ஜெர்மானிய வீரத்துறவிகளின் சபைக்கு விற்றுவிட்டார்கள், 1561-இல் ஸ்வீடன், 1710-இல் ரஷ்யா, 1918-இல் சுதந்திரம், 1940-இல் சோவியத் பிடி, 1991 ஆகஸ்ட் 20 மறுபடி சுதந்திரம். ஹான்சா வணிகம் நொடித்துப் போய், போரும் கொள்ளைநோயும் வந்த பிறகு ஊரில் பெரிய பணம் புழங்கவில்லை. பணம் புழங்கியிருந்தால் பழசை இடித்துப் புதிதாகக் கட்டியிருப்பார்கள். இன்று யுனெஸ்கோ பட்டியலில் (1997 முதல்) இருக்கிற நகரம் அந்த வறுமையின் புண்ணியம் என்பது என் கணிப்பு.

எப்போது போகலாம்

மே கடைசியிலிருந்து செப்டம்பர் முதல் பாதி வரை நல்ல காலம். ஜூனில் இரவு பத்தரை வரை வெளிச்சம் இருக்கும், அதனால் மாலை நடைக்கு நேரம் அள்ளிக் கிடைக்கும். ஜூலையில்கூட சராசரி வெப்பம் 18 டிகிரி அளவுதான், எனவே கோடை என்று நம்பி மெல்லிய சட்டை மட்டும் எடுத்துப் போகாதீர்கள், கடல் காற்று எலும்பைத் தேடும்.

டிசம்பர் என்றால் நகர மன்றச் சதுக்கத்தில் கிறிஸ்துமஸ் சந்தை இருக்கும். ஆனால் பகல் ஆறு மணி நேரம்தான், ஒன்பது மணிக்கு மேல் விடிந்து மூன்றரைக்குள் இருட்டிவிடும். சந்தைக்காகவே போகிறவர்களுக்கு அது பரவாயில்லை. நவம்பரை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பனியும் இல்லை, வெளிச்சமும் இல்லை, மழையும் சேறும்தான்.

இன்னொன்று, குளிர்காலத்தில் பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை, சிலவற்றுக்குச் செவ்வாயும் சேர்த்து. உங்கள் இரண்டு நாளில் ஒன்று திங்களாக இருந்தால் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

விசா

எஸ்டோனியா 2007 டிசம்பரில் ஷெங்கன் பகுதியில் (தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகள்) சேர்ந்தது, 2011 முதல் யூரோ நாணயம். இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பிரிட்டனில் வேலை செய்கிறேன், அங்கே வசிப்புரிமை இருக்கிறது என்றாலும் பாஸ்போர்ட் இந்தியாவுடையதானால் விசா வேண்டும். ஜெர்மனி, ஃபிரான்ஸ் போன்ற ஷெங்கன் நாட்டில் வசிப்பு அட்டை இருப்பவர்களுக்குத் தனி விசா தேவையில்லை, பாஸ்போர்ட்டும் அட்டையும் கையில் இருந்தால் போதும்.

எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பது என்பதில்தான் பலரும் குழம்புகிறார்கள். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்கு. ஹெல்சிங்கியில் இரண்டு நாள், டாலினில் இரண்டு நாள் என்று சமமாக இருந்தால் முதலில் நுழைகிற நாட்டுக்கு. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறிலிருந்து பதினொரு வயது வரையான பிள்ளைகளுக்குப் பாதி. விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, திரும்பும் தேதிக்கு மேல் மூன்று மாதமாவது செல்லுபடியாகும் பாஸ்போர்ட், அதில் இரண்டு வெற்றுப் பக்கம், தங்குமிட முன்பதிவு, வங்கிக் கணக்கு விவரம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்கு முன்பு கொடுத்தே ஆக வேண்டும். கோடைக்கு நேர்காணல் தேதி கிடைப்பது கஷ்டம், அதனால் கடைசி நாளை நம்பாதீர்கள். 2025 அக்டோபரிலிருந்து எல்லையில் கைரேகையும் முகப்படமும் பதிவு செய்யும் புதிய முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்திருக்கிறார்கள், எனவே ஷெங்கனுக்குள் முதலில் இறங்கும் விமான நிலையத்தில் அடுத்த விமானத்துக்குக் கொஞ்சம் தாராளமாக இடைவெளி விட்டுக்கொள்ளுங்கள்.

போய்ச் சேர்வது

சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ நேரடி விமானம் கிடையாது. பிராங்ஃபர்ட் போன்ற ஒரு பெரிய நிலையத்தில் மாறித்தான் வர வேண்டும். டாலின் விமான நிலையம் சின்னது, நகர மையத்துக்குச் சுமார் 4 கி.மீ. தான். டிராம் அல்லது பஸ்ஸில் கால் மணி, இருபது நிமிடத்தில் ஊருக்குள் வந்துவிடலாம். அந்தப் பக்கம் புதிய ரயில் பாதை வேலை நடப்பதால் டிராம் தடங்கள் மாறிக்கொண்டிருக்கின்றன, அன்றைக்கு எது ஓடுகிறது என்று கைபேசியில் பார்த்துவிட்டு ஏறுங்கள். டிக்கெட் வாங்க வரிசையில் நிற்க வேண்டாம். ஏறியதும் உள்ளே இருக்கும் கருவியில் வங்கி அட்டையைத் தொட்டால் போதும், ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 2 யூரோ. உள்ளூர்வாசிகளுக்கு 2013 முதல் பஸ், டிராம் எல்லாம் இலவசம், அதனால் அவர்கள் காசு கொடுக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நீங்களும் உட்கார்ந்துவிடாதீர்கள், பரிசோதகர் வருவார்.

என்னைக் கேட்டால், ஹெல்சிங்கி வரை விமானத்தில் வந்து அங்கிருந்து கப்பலில் வருவதுதான் சரியான வழி. சுமார் 80 கி.மீ. கடல், வேகமான கப்பலில் இரண்டு மணி நேரம். இது துறைமுக நகரம், அதைக் கடலிலிருந்து பார்த்தால்தான் அதன் உருவம் தெரியும். டாலினை நெருங்கும்போது மேல்தளத்துக்குப் போய் நில்லுங்கள். கூரான தேவாலயக் கோபுரங்கள் ஒவ்வொன்றாகக் கடலுக்கு மேலே எழும்பும், எல்லாவற்றிலும் உயரமானது புனித ஓலாஃப் தேவாலயம், 124 மீட்டர். அதை ஒரு காலத்தில் மாலுமிகள் கரை அடையாளமாக வைத்திருந்தார்கள். கப்பல் துறையிலிருந்து பழைய நகரத்துக்கு நடந்தே போகலாம், பதினைந்து நிமிடம். டிக்கெட் விலை நாளுக்கு நாள், மணிக்கு மணி மாறும். வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும் விலை கூடும், வார நடுவில் மலிவு.

லாத்வியாவின் தலைநகரம் ரீகாவிலிருந்து வருகிறவர்களுக்கு பஸ்தான் வசதி, நாலரை மணி நேரம்.

எங்கே தங்குவது

மதிலுக்குள் தங்க ஆசையாக இருக்கும். தங்கலாம், ஆனால் விரு தெருவும் அதற்குத் தெற்கே இருக்கும் மதுக்கடைத் தெருக்களும் வெள்ளி, சனி இரவில் தூங்க விடாது. வடக்கு முனையில் லாய் தெரு, பிக் தெருவின் கடற்கரை முனை, இந்தப் பக்கம் அமைதி. பழைய கட்டடங்களில் லிஃப்ட் இருக்காது என்பதையும் உருளைக்கல் தெருவில் சக்கரப் பெட்டியை இழுப்பது எப்படி இருக்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

வயதான பெற்றோரோடு வருகிறவர்கள் துறைமுகத்துக்கும் பழைய நகரத்துக்கும் நடுவில் இருக்கும் ரோட்டர்மன் பகுதியில் தங்குவது நல்லது. தரை சமம், கடைகள் பக்கம், கப்பலுக்கும் டிராமுக்கும் நடை தூரம். கொஞ்சம் இளவட்டமான சூழல் வேண்டும் என்றால் ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம் கலாமயா.

வந்த அன்று மாலை: கீழூர்

பெட்டியை வைத்துவிட்டு ஐந்து ஐந்தரைக்குக் கிளம்புங்கள். விரு வாயிலின் இரட்டைக் கோபுரம் வழியாக நுழைந்து, உடனே வலது கைப்பக்கம் மதிலை ஒட்டிய முரிவாஹே தெருவில் திரும்புங்கள். அங்கிருந்து காத்தரீனா சந்து என்ற குறுகிய வழி உள்ளே போகும். ஒரு பக்கம் பழைய டொமினிக்கன் மடத்தின் தேவாலயச் சுவர், அதில் பதித்த பெரிய பெரிய கல்லறைப் பலகைகள், மறுபக்கம் கண்ணாடி, தோல், மண்பாண்டப் பட்டறைகள். சந்தின் மறுமுனையில் வெளியே வந்து இரண்டு திருப்பம் திரும்பினால் நகர மன்றச் சதுக்கம்.

நகர மன்றக் கட்டடம் 1404-இல் முடிந்தது. கோபுர உச்சியில் காற்றுத்திசை காட்டியாக நிற்கும் காவலாளிக்கு வயதான தோமஸ் என்று பெயர், 1530 முதல் அங்கே நிற்கிறான் (இப்போது இருப்பது அதன் நகல்). சதுக்கத்தின் வடகிழக்கு மூலையில் ஒரு மருந்துக்கடை. சாதாரணக் கடை என்று தாண்டிப் போய்விடாதீர்கள். 1422-ஆம் ஆண்டு ஆவணத்திலேயே இந்தக் கடை வருகிறது, இன்றைக்கும் தலைவலி மாத்திரை விற்கிறார்கள். புர்ஹார்ட் என்ற ஒரே குடும்பம் முன்னூறு ஆண்டுக்கு மேல் பத்துத் தலைமுறையாக இதை நடத்தியது. உள் அறையில் பழைய மருந்துச் சரக்குகளின் சிறிய காட்சி இருக்கிறது, கட்டணமில்லை. கடை மூடும் நேரத்துக்கு முன் போய்விடுங்கள், மாலை நடையில் இதை முதலில் முடிப்பது நல்லது.

அப்புறம் பிக் தெரு. கீழூரின் பணம் எங்கே இருந்தது என்று இந்தத் தெருவைப் பார்த்தால் தெரியும். முதலில் தூய ஆவி தேவாலயம், வெளிச்சுவரில் 17-ஆம் நூற்றாண்டின் செதுக்கு வேலைப்பாடுள்ள கடிகாரம். ஊரின் எஸ்டோனியர்களுக்கு அவர்கள் மொழியில் பிரசங்கம் நடந்த கோவில் இது. மற்ற இடங்களில் ஜெர்மன்தான். எதிரே பெரிய வணிகர் மன்றம், 1410-இல் கட்டியது. திருமணமான, சொந்த வீடுள்ள பெருவணிகர்களுக்கு மட்டும் அங்கே இடம். கல்யாணமாகாத இளம் வணிகர்களும் வெளியூர் வணிகர்களும் கொஞ்சம் தள்ளி கருந்தலையர் மன்றத்தில் கூடுவார்கள். அவர்களின் காவல் புனிதர் ஆப்பிரிக்கரான மொரிஸ், வாசல் கதவின் மேல் அவர் தலை செதுக்கியிருக்கும். பச்சையும் சிவப்பும் தங்கமுமாக இருக்கும் அந்தக் கதவைத்தான் டாலினில் எல்லோரும் படம் எடுப்பார்கள், நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் நடந்தால் 59-ஆம் எண் கட்டடம். சோவியத் காலத்தில் கே.ஜி.பி. என்ற ரகசியப் போலீஸின் தலைமையகம். நிலவறை ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்திருப்பது தெரியும், விசாரணைச் சத்தம் தெருவுக்குக் கேட்கக் கூடாது என்று. டாலினிலேயே உயரமான கட்டடம் இதுதான், இதன் நிலவறையிலிருந்தே சைபீரியா தெரியும் என்று அந்தக் காலத்தில் மக்கள் ரகசியமாகச் சொல்லிச் சிரிப்பார்களாம். பக்கத்தில்தான் புனித ஓலாஃப் தேவாலயம். அதன் கோபுரத்தையும் கே.ஜி.பி. வானொலி வேலைக்குப் பயன்படுத்தியது. கோடையில் கோபுரம் ஏறலாம், இருநூறுக்கு மேல் குறுகலான கல் படி, முழங்கால் பிரச்சினை உள்ளவர்கள் வேண்டாம்.

தெரு முடிவில் கடல் வாயிலும், பருத்த மார்கரெட் என்ற குண்டுப் பீரங்கிக் கோபுரமும். தாண்டினால் ஒரு சிறிய மேட்டில் வளைந்து வந்து நடுவில் அறுந்து நிற்கும் உலோக வளைவு ஒன்று இருக்கும். 1994 செப்டம்பர் 28 இரவில் டாலினிலிருந்து ஸ்டாக்ஹோமுக்குப் போகும் வழியில் 'எஸ்டோனியா' என்ற பயணிகள் கப்பல் மூழ்கி 852 பேர் இறந்தார்கள், அவர்களுக்கான நினைவுச் சின்னம் அது.

மறுநாள் காலை: மேலூர்

ஏழரைக்கு வெளியே வந்துவிடுங்கள். கஷ்டம்தான், ஆனால் இந்தப் பயணத்தில் உங்களிடம் நான் கேட்கிற ஒரே கஷ்டம் இதுதான். பிக் தெருவின் தென்முனையில் ஒரு கோபுர வாயில், அதற்குள் நுழைந்தால் நீளமான சரிவு மேலே ஏறும். இதற்கு நீண்ட கால் என்று பெயர், வண்டிகளும் குதிரைகளும் போன வழி. பக்கத்திலேயே படிக்கட்டாக ஏறுவது குட்டைக் கால். ஊர் ஒரு கால் நீளம் ஒரு கால் குட்டை, அதனால் நொண்டும் என்பது அவர்களுடைய பழைய கேலி. முதியவர்கள் உடன் இருந்தால் போல்ட் டாக்ஸியில் மேலே போய் இறங்கிக்கொண்டு, அங்கிருந்து கீழ்நோக்கி நடந்துவரலாம். அந்த போல்ட் நிறுவனமே 2013-இல் இந்த ஊரில் பிறந்ததுதான்.

மேலே போனதும் வெங்காயக் குமிழ்களோடு அலெக்சாண்டர் நெவ்ஸ்கி பேராலயம். 1900-இல் ரஷ்யப் பேரரசு கட்டி முடித்தது, நேர் எதிரே எஸ்டோனியாவின் நாடாளுமன்றம். எதற்காக அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. 1918-இல் சுதந்திரம் வந்த பிறகு இடிக்க வேண்டும் என்றுகூடப் பேச்சு எழுந்தது, இடிக்கவில்லை. நாடாளுமன்றத்தின் பின்னால் தெரியும் உயரமான கோபுரம் பிக் ஹெர்மன். அதில் நீலம், கருப்பு, வெள்ளைக் கொடி சூரியன் உதிக்கும்போது ஏறும். 1989 ஆகஸ்ட் 23 அன்று இந்தக் கோபுரத்தின் அடியிலிருந்து லாத்வியா வழியாக லித்துவேனியாவின் வில்னியஸ் வரை, 600 கி.மீ.-க்கு மேல் மக்கள் கைகோத்து நின்றார்கள். நாஜி ஜெர்மனியும் சோவியத்தும் இந்த நாடுகளைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்ட ரகசிய ஒப்பந்தம் நடந்து அன்றைக்கு ஐம்பது ஆண்டு.

அங்கிருந்து டோம் தேவாலயத்தைத் தாண்டி பார்வை மேடைகளுக்கு. இரண்டு உண்டு, கோஹ்துஓட்சா, பட்குலி. முதலாவதில் கீழூரின் சிவப்புக் கூரைகள் தெரியும், இரண்டாவதில் மதிலும் வரிசையாகக் கோபுரங்களும் பின்னால் கடலும். எட்டு மணிக்குப் போனால் நீங்களும் கடற்காகமும்தான். பதினொரு மணிக்கு அதே இடத்தில் கைப்பிடிச் சுவரை எட்டவே பத்து நிமிடம் காத்திருக்க வேண்டியிருக்கும். ஒன்றுக்கு மட்டும்தான் நேரம் என்றால் பட்குலி.

டோம் தேவாலயம் திறந்ததும் உள்ளே போங்கள். சுவர் முழுக்க மரத்தில் செதுக்கிய குலச் சின்னங்கள், நிலப்பிரபுக் குடும்பங்களுடையவை. நேற்று மாலை பார்த்த வணிகர் கோவில்களுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிடும். அங்கிருந்து டேனிஷ் மன்னர் தோட்டத்தின் வழியாக இறங்கினால் கீக் இன் டே க்யோக் கோபுரம், 1577-இல் ரஷ்ய ஜார் மன்னர் இவான் தி டெரிபிளின் படை முற்றுகையிட்டபோது அடித்த பீரங்கிக் குண்டுகளின் தழும்பு சுவரில் உண்டு.

மூடிய இடத்தில் ஒன்றே ஒன்று பார்க்கலாம் என்றால் நான் கைகாட்டுவது நிகுலிஸ்தே என்ற பழைய தேவாலயம். 1944 மார்ச் 9 இரவு சோவியத் விமானங்கள் குண்டு வீசியதில் நாசமாகி, திரும்பக் கட்டி, 1982-இல் கோபுரம் மறுபடி எரிந்து, அதையும் சரிசெய்து இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. உள்ளே லூபெக் ஓவியர் பெர்ன்ட் நோட்கேயின் 'மரண நடனம்'. போப்பாண்டவர், பேரரசர், பேரரசி, கர்தினால், மன்னர் என்று ஒவ்வொருவர் கையையும் ஓர் எலும்புக்கூடு பிடித்து ஆட்டத்துக்கு இழுத்துப் போகிறது. முழு ஓவியம் முப்பது மீட்டர் இருந்திருக்கலாம் என்கிறார்கள், மிஞ்சியது ஏழரை மீட்டர். பணக்கார வணிகர்கள் கும்பிட வரும் கோவிலில் இதை மாட்டி வைத்திருந்தார்கள் என்பதை நினைத்துக்கொண்டே பாருங்கள், அவசரப்படாதீர்கள்.

நடுப்பகல்: கடல் பக்கம்

இப்போது மணி பதினொன்றரை ஆகியிருக்கும், கூட்டம் உள்ளே வந்துவிட்டது. நீங்கள் வெளியே. ரயில் நிலையத்துக்குப் பின்னால் பால்ட்டி யாம சந்தை. 2017-இல் புதுப்பித்தார்கள். தரைத்தளத்தில் காய்கறி, உணவுக் கடைகள், மேலே பழைய பொருட்கள், சோவியத் காலத்துப் பதக்கங்கள், பீங்கான்கள். மதியச் சாப்பாட்டுக்கு இது வசதியான இடம், சதுக்கத்தைச் சுற்றியுள்ள உணவகங்களை விட விலையும் குறைவு.

அங்கிருந்து கலாமயா வழியாகக் கடலுக்கு நடங்கள். வண்ணமடித்த மரவீடுகள், பழைய மீனவர், தொழிலாளர் குடியிருப்பு. இரண்டு பக்கமும் மரம், நடுவில் மட்டும் கல்லால் கட்டிய மாடிப்படி என்ற அமைப்பு இந்த ஊருக்கே உரியது, 1920, 30-களில் நிறையக் கட்டினார்கள். இருபத்தைந்து நிமிட நடையில் கடல் விமானத் துறைமுக அருங்காட்சியகம். 1916, 17-இல் ஜார் அரசின் கடற்படைக்காக எழுப்பிய கான்கிரீட் கொட்டகை. மூன்று பெரிய குவிமாடம், உள்ளே ஒரு தூண் கிடையாது. கடலில் இறங்கும் விமானங்களை நிறுத்துவதற்காக. 2012 முதல் அருங்காட்சியகம். நடுவில் தொங்குகிற மாதிரி நிற்கிறது லெம்பிட் என்ற நீர்மூழ்கிக் கப்பல், எஸ்டோனியா 1930-களில் இங்கிலாந்தில் கட்டச் சொல்லி வாங்கியது. உள்ளே இறங்கி முழு நீளமும் நடக்கலாம், பிள்ளைகளை வெளியே கொண்டுவருவது சிரமம். வெளியே துறையில் 1914-ஆம் ஆண்டின் பனி உடைக்கும் நீராவிக் கப்பல் சூர் தோல் நிற்கிறது, அதே டிக்கெட்டில் அதையும் பாருங்கள். இங்கே இரண்டரை மணி நேரம் வேண்டும்.

திரும்பும் வழியில் லின்னாஹால். மாஸ்கோ ஒலிம்பிக்கின் பாய்மரப் போட்டிகள் 1980-இல் டாலினில் நடந்தபோது கட்டிய மாபெரும் அரங்கம், இப்போது மூடிக் கிடக்கிறது. சிதைந்த கான்கிரீட் படிகள், சுவர் முழுக்கக் கிறுக்கல். பலருக்குப் பிடிக்காது, எனக்குப் பிடிக்கும்.

அதற்கு அடுத்த நாள் நடுப்பகல்: காட்ரியோர்க்

காலையில் மறுபடி பழைய நகரத்தில் இஷ்டப்படி ஒரு நடை. பிறகு விரு வாயில் பக்கத்திலிருந்து டிராமில் காட்ரியோர்க், இரண்டு கி.மீ. தான். ரஷ்யாவின் முதலாம் பீட்டர் 1718-இல் மனைவி கேத்தரினுக்காகத் தொடங்கிய அரண்மனையும் பூங்காவும். அரண்மனை அழகு, ஆனால் உள்ளே போகாவிட்டால் குடி முழுகாது. பூங்காவின் மேட்டில் இருக்கும் கூமு கலை அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 2006-இல் திறந்தது, 2008-இல் ஐரோப்பாவின் சிறந்த அருங்காட்சியக விருது. சோவியத் காலத்தில் ஓவியர்கள் எதை வரைய வேண்டியிருந்தது, எதை மறைத்து வரைந்தார்கள் என்பதை ஒரே தளத்தில் பார்க்கலாம்.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் பாடல் விழா மைதானம். முதல் பாடல் விழா 1869-இல் எஸ்டோனியாவின் இன்னொரு நகரமான தார்த்துவில் நடந்தது, இப்போது ஐந்தாண்டுக்கு ஒரு முறை இங்கே. பெரிய வளைகூரை 1960-இல் வந்தது. 1988-இல் லட்சக்கணக்கானோர் கூடி, தடை செய்த பாடல்களைப் பாடியே அரசியலை மாற்றத் தொடங்கினார்கள். விழா இல்லாத நாளில் வெறும் புல் சரிவுதான். மேலே ஏறிப் பின்னால் திரும்பினால் வளைகூரைக்கு அப்பால் கடல்.

மழை பெய்தால் இதற்குப் பதிலாக விரு ஓட்டலின் கே.ஜி.பி. அருங்காட்சியகம். 1972-இல் திறந்த, வெளிநாட்டினருக்கான ஓட்டல். லிஃப்ட் பொத்தானில் 22 மாடிதான் இருக்கும், 23-ஆம் மாடியில் உட்கார்ந்து ஒட்டுக் கேட்டார்கள். வழிகாட்டியோடு மட்டுமே போக முடியும், முன்பதிவு அவசியம்.

சாப்பாடு

கருப்பு கம்பு ரொட்டியும் வெண்ணெயும்தான் இந்த ஊரின் உண்மையான சாப்பாடு, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. அசைவம் சாப்பிடுகிறவர்கள் அதன் மேல் சின்ன மீனும் முட்டையும் வைத்துத் தருவதைச் சாப்பிட்டுப் பாருங்கள். வார நாட்களில் மதியம் உணவக வாசல் பலகையில் 'பேவாபிராட்' என்று எழுதியிருந்தால் அன்றைய சிறப்புச் சாப்பாடு, இரவு விலையை விட வெகு குறைவு. உள்ளூர் அலுவலகக்காரர்கள் சாப்பிடுவது அதைத்தான்.

சைவர்கள் பயப்பட வேண்டாம். காளான், உருளைக்கிழங்கு, பீட்ரூட், பாலாடை எல்லாம் தாராளம், முழுச் சைவ உணவகங்களும் இந்திய உணவகங்களும் நகர மையத்திலேயே உண்டு. சூப் கேட்கும்போது மட்டும் இறைச்சி வேகவைத்த தண்ணீரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடையில் கமா என்ற மாவு கிடைக்கும், பார்லி, கம்பு, ஓட்ஸ், பட்டாணி வறுத்து அரைத்தது. புளித்த பாலில் கரைத்துக் குடிப்பார்கள், சத்துமாவை மோரில் கரைத்த மாதிரியேதான் இருக்கும், வீட்டுக்கு ஒரு பொட்டலம் வாங்கி வரலாம். இனிப்புக்கு பிக் தெருவில் 1864 முதல் நடக்கும் மாயஸ்மோக் காபிக் கடை, பாதாம் மார்சிபான் பொம்மைகளுக்குக் கையால் வண்ணம் தீட்டுவதைப் பார்க்கலாம்.

குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். கடைகளில் மது காலை பத்திலிருந்து இரவு பத்து வரைதான்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

காசு கிட்டத்தட்ட வேண்டாம், சந்தைக் கிழவியிடம்கூட அட்டைக் கருவி இருக்கும். டாலின் கார்டு என்ற நுழைவு அட்டை ஒரு நாளில் மூன்று அருங்காட்சியகமாவது பார்ப்பவர்களுக்குத்தான் கட்டுப்படியாகும். நான் சொன்ன வேகத்தில் போனால், கடல் விமானத் துறைமுகமும் நிகுலிஸ்தேயும் ஒரே நாளில் வருவதால், அந்த நாளுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். தடித்த அடிப்பாகமுள்ள ஷூ கட்டாயம், உருளைக்கல் மழையில் வழுக்கும், பனியில் கேட்கவே வேண்டாம். குளிர்காலத்தில் இருட்டில் நடப்பவர்கள் ஒளி பிரதிபலிக்கும் சின்ன வில்லையைக் கோட்டில் தொங்கவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். எந்தப் பல்பொருள் கடையிலும் கிடைக்கும், நல்ல நினைவுப் பொருளும் ஆகிவிடும்.

திரும்பும் நாளில் கப்பல் என்றால் டிக்கெட்டில் எந்த முனையம் என்று பாருங்கள். டாலினில் ஏ, டி என்று இரண்டு, துறைமுகத்தின் இரண்டு பக்கமாக இருக்கின்றன, நிறுவனத்தைப் பொறுத்து மாறும். கப்பல் கிளம்பும் நேரத்துக்குச் சற்று முன்பே வாசலை மூடிவிடுவார்கள், அதனால் முக்கால் மணி முன்னால் அங்கே இருங்கள். ஷெங்கனுக்குள் போகிற கப்பலாக இருந்தாலும் பாஸ்போர்ட்டைப் பெட்டியின் அடியில் போட்டுவிடாமல் கைப்பையிலேயே வையுங்கள், சில நேரம் கேட்பார்கள்.